இரும்பின் ஓசையும் எழுத்தின் பயணமும்

உலோகத்தை உலோகம் தொடும்போது எழும் ஓசையை எழுத்தில் எவ்வாறு அமைப்பது என்னும் வினா, அண்மைக்காலம் வரை நம் உள்ளத்தில் எழுந்ததே இல்லை. மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகக் காலந்தள்ளும் நமக்கு எழுத்து என்பது கோப்பும் குறிப்பும் நினைவூட்டுக் கடிதமுமே. அவ்வினாவை எழுப்பியவர், அலுவலகத் தோழர் ஒருவரின் மகன். ஸ்ரீ சிட்டியில் ஜப்பானிய நிறுவனமொன்றில் பொறியாளராக இருக்கும் அவ்விளைஞர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அழைப்பு அட்டையொன்றைக் கொணர்ந்து நம்முன் வைத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வல்லுநர்களை வரவேற்கும் அட்டை அது. அதில் ஓர் எழுத்தைச் சுட்டி, “மாமா, இது இரும்புச் சத்தத்தை எழுதுகிற எழுத்தாம். ஆனால் பெரிய மனிதர்கள் என்று பொருளாம். தமிழில் இப்படி ஏதாவது உண்டா?” என வினவினார்.

உண்டு என்றோ இல்லை என்றோ உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அதன்பின் கிடைத்த நூல்களைப் புரட்டியும் அறிந்தோரை வினவியும் நாம் தெரிந்துகொண்டவற்றைச் சங்கத்து அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரை.

அவ்வெழுத்து இரண்டு உறுப்புகளால் ஆயது. இடப்பால் உள்ளது உலோகத்தைக் குறிக்கும் உறுப்பு. வலப்பால் உள்ளது ‘போரிடுதல்’ எனப் பொருள்படும் எழுத்து. உலோகமும் உலோகமும் போரிட்டால் ஓசை பிறக்கும் என்று இளைஞர் தாமே ஓர் உரை கண்டிருந்தார். அழகான உரைதான், ஆனால் உண்மை அதுவன்று. கி.பி. 100-ஆம் ஆண்டளவில் ஷூ ஷென் என்னும் சீன அறிஞர் 9353 எழுத்துகளை 540 தலைப்புகளில் வகுத்து ஓர் அகராதி இயற்றினார். அவர் இவ்வெழுத்துக்கு உரைத்த பொருள் உலோகத்தின் ஓசை என்பதே. வலப்பால் உறுப்பு, பொருளுக்காக அன்றி ஒலிப்புக்காகவே அங்கு நிற்கிறது என்பதையும் அவர் தெளிவாக்கினார். சீன எழுத்துகளுள் மிகப்பல இவ்வாறு அமைந்தவையே. ஒரு பாதி இன்ன வகைப்பொருள் எனக் கண்ணுக்குக் காட்டும். மறுபாதி இன்ன ஒலி எனச் செவிக்குக் காட்டும். சீனர் இதனை இன்று ‘ஜெங்’ என்பதுபோல ஒலிக்கின்றனர். இரட்டித்து ‘ஜெங்ஜெங்’ என்றால் அது நம் ‘கணகண’ போன்ற இரட்டைக்கிளவியே.

ஓசையைக் குறித்த இச்சொல் மனிதரைக் குறித்த வரலாறு சுவையானது. கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தில் உழவர் பெருங்கிளர்ச்சி ஒன்று எழுந்தது. பகைவரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டப் புருவங்களுக்குச் செஞ்சாயம் பூசிக்கொண்டமையால் அவர்களுக்குச் ‘செம்புருவத்தார்’ என்று பெயர். அவர்தம் தலைவர் வீரத்தில் சிறந்தவர். எழுத்தும் கணக்கும் அறியாதவர். ஆதலின் ஷூ ஷுவான் என்பாரை முதலமைச்சராக்கினர். இந்த ஷூ ஷுவான் அதற்குமுன் என்னவாக இருந்தார் தெரியுமோ? ஒரு வட்டாரச் சிறைச்சாலையில் சிற்றலுவலர்! எழுத்தறிவு ஒன்றினாலேயே படையெழுச்சியின் முதலமைச்சரான அந்த முன்னோரை எண்ணும்போது, எழுத்தர் குலத்தவராகிய நமக்குச் சிறிது பெருமிதம் தோன்றத்தான் செய்கிறது.

கி.பி. 27-இல் கிளர்ச்சி முறிந்தது. செம்புருவத்தார் பேரரசர் குவாங்வுவிடம் அடைக்கலம் புகுந்தனர். பணிந்தமைக்கு வருந்துகிறீர்களோ எனப் பேரரசர் வினவ, ஷூ ஷுவான் பண்பும் கூர்மையும் பொருந்திய விடையளித்தார். அதனைக் கேட்ட பேரரசர், இரும்புக் கூட்டத்துள் கணீரென ஒலிக்கும் இரும்பு நீர் என்னும் கருத்துப்பட அவரைப் பாராட்டினார். இப்பாராட்டை நாம் சற்றே தட்டிப் பார்க்கவேண்டும். பேரரசர் அவரைப் பொன் என்றாரில்லை. இரும்புதான், இருந்தாலும் ஒலியுள்ள இரும்பு என்றார். மேலதிகாரிகள் வழங்கும் பாராட்டு எக்காலத்தும் இவ்வளவு அளவறிந்தே வரும் போலும். காலப்போக்கில் அளவுகோல் மறைந்து பாராட்டு மட்டும் நின்றது. சீனத்தில் இன்று வளையாத நேர்மையாளரை ‘எலும்பும் இரும்பாய் ஒலிப்பவர்’ என்னும் பொருளில் இச்சொல்லால் போற்றுகின்றனர். ஜப்பானில் ஓர் அவையில் உள்ளோர் யாவரும் புகழ்பெற்றோர் என்னுமிடத்து இச்சொல் வரும். அவ்விளைஞர் கொணர்ந்த அட்டையில் இருந்ததும் இதுவே.

இன்னொரு நிகழ்ச்சியையும் ஈண்டுச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. தாங் மரபினர் காலத்துப் பெரும்புலவர் பாய் ஜூயி அரசு அலுவலர். கி.பி. 815-இல் தலைநகரிலிருந்து தொலைதூரத்துச் சிற்றூர்ப் பணிக்கு இறக்கி அனுப்பப்பட்டார். மறு ஆண்டு இலையுதிர் காலத்து இரவொன்றில், நண்பரை வழியனுப்ப ஆற்றங்கரைக்குச் சென்றபோது, அயலில் நின்ற படகொன்றிலிருந்து பீப்பா என்னும் யாழின் ஓசை வந்தது. அவ்வோசையில் தலைநகரின் சாயல் இருந்தது எனத் தம் நெடும்பாட்டின் முன்னுரையில் அவர் குறிக்கிறார். அங்கே அந்த ஓசைக்கு அவர் ஆளும் சொல் இந்த உலோகவோசைச் சொல்லேயாம். யாழ் நரம்புக்கருவி, அதில் உலோகம் எங்கே? ஆயினும் தலைநகரின் இசைக்கு உரிய கணீரென்ற தெளிவைச் சொல்ல அவருக்கு இச்சொல்லே தேவைப்பட்டது. இடமாற்றல் உத்தரவைக் கையில் வாங்கி, மொழி தெரியாத ஊரில் பெட்டியை இறக்கி, முதல்நாள் மாலையில் எங்கிருந்தோ ஒரு வானொலியில் தமிழ்ப்பாட்டுக் கேட்டு நின்ற அன்பர் நம்முள் பலர் இருப்பர். அவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

இனி அவ்வெழுத்து நாடு கடந்து சென்ற கதைக்கு வருவோம். சீன எழுத்து ஒரு காலத்தில் கொரியா, ஜப்பான், வியத்நாம் ஆகிய மூன்று நாடுகளுக்கும் கல்வி எழுத்தாக இருந்தது. சென்ற இடந்தோறும் இவ்வெழுத்துக்கு நேர்ந்தது ஒன்றன்று.

ஜப்பானிய மொழியில் சொல்லின் இறுதியில் ‘ங்’ என்னும் மெல்லொலி நில்லாது. ஆகவே ‘ஜெங்’ அங்கே ‘ஸோ’ ஆயிற்று, இரட்டித்தால் ‘ஸோஸோ’. உலோகத்தின் அதிர்வு முழுதும் போய்விட்டது. காதால் கேட்பவருக்கு அது பஞ்சு விழும் ஓசையாகக்கூடத் தோன்றலாம்! ஆனால் எழுத்தின் இடப்பக்கத்தில் உலோக உறுப்பு நிற்கிறது. கண் அதனைக் கண்டுகொள்கிறது. அதுவும் எல்லாக் கண்ணும் அன்று. பொது வழக்குக்கென ஜப்பானிய அரசு வகுத்த 2136 எழுத்துகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆதலின் நாளிதழ்கள் பெரும்பாலும் ஒலியெழுத்திலேயே இச்சொல்லை எழுதுகின்றன.

கொரியாவில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அவர்கள் ‘ஜேங்’ என இறுதி மெல்லொலி கெடாமல் காத்தனர். ஆனால் மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்ட ஹங்குல் என்னும் ஒலியெழுத்து, நூற்றாண்டுகள் கடந்து நாட்டின் பொதுவெழுத்தானபோது, சீன எழுத்து அன்றாட வழக்கிலிருந்து ஒதுங்கியது. இன்று ‘ஜேங்ஜேங்’ என்று எழுதும் கொரியர் பலருக்கு அதனுள் ஓர் உலோக உறுப்பு இருந்தது தெரியாது. எனினும் அவ்வொலி அவர்களிடம் இரு பொருளில் வாழ்கிறது. ஒன்று புகழ்மிக்கோர், மற்றொன்று, பிரிந்துபோன ஒருவரின் குரல் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டே இருத்தல். ஜப்பானில் செவி இழந்ததைக் கண் வைத்திருக்கிறது. கொரியாவில் கண் இழந்ததைச் செவி வைத்திருக்கிறது.

வியத்நாமில் 1919-இல் பழைய முறையிலான அரசுப்பணித் தேர்வு கடைசியாக நடந்தது. அதன்பின் உரோமன் எழுத்தே நிலைத்துவிட்டது. தாய்நாடாகிய சீனத்திலோ எழுத்துச் சீர்திருத்தத்தின்போது உலோக உறுப்பின் எட்டுக் கோடுகள் ஐந்தாகக் குறைக்கப்பட்டன.

அந்த உலோக உறுப்பைப் பற்றி ஒரு சொல். தனியெழுத்தாக நின்றால் அது பொன்னையும் குறிக்கும், பொதுவாக எல்லா உலோகத்தையும் குறிக்கும். இதனைப் படித்தவுடன் நமக்கு ‘ஐம்பொன்’ நினைவுக்கு வந்தது. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் ஆகிய ஐந்தையும் பொன் என்றே நம் முன்னோர் வழங்கினர். இரும்பைக் கரும்பொன் என்றனர். சீனரும் ஐந்து உலோகங்களை ‘ஐம்பொன்’ என்றே சேர்த்துச் சொல்கின்றனர். ஆணி, பூட்டு விற்கும் இரும்புக்கடையின் பெயர்ப்பலகையில் இன்றும் அவ்விரு எழுத்துகள் இருக்கும். கொரியரிடையே பெருவழக்கான கிம் என்னும் குடிப்பெயரும் இவ்வெழுத்தே. நம் பொன்னனும் பொன்னுசாமியும் அவர்களுக்கு உறவு முறையாகலாம்! ஜப்பானியர் வெள்ளிக்கிழமையை இவ்வெழுத்தால் எழுதுகின்றனர். நாம் வெள்ளி என்னும் கோளை அவர்கள் பொன்மீன் என்கின்றனர். இவற்றை வைத்து ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் பெற்றனர் என வாதிடப் புகுவது பிழையாகும். ஒரே வானத்தையும் ஒரே உலையையும் பார்த்த இரு மக்கள் ஒரே வகையாகப் பெயரிட்டனர் என்ற அளவில் நிறுத்துவோம்.

இனித் தமிழுக்கு வருவோம். உலோக ஓசைக்குத் தமிழில் தனியெழுத்து இல்லை, சொற்களோ ஏராளம். உரிச்சொற்களை விளக்கும் தொல்காப்பியர், ஓசைக்கு உரியவற்றையும் எடுத்தோதுகிறார். சேந்தன் திவாகரம் பத்தாம் தொகுதி முழுவதையும் ஒலி பற்றிய பெயர்களுக்கே ஒதுக்கியது. சங்கச் சான்றோர் யானையின் இருமருங்கும் தொங்கும் மணிகள் மாறிமாறி ஒலிப்பதை ‘இரட்டுதல்’ என்றனர். அந்த ஒரு சொல்லில் யானையின் நடையே தெரிகிறது. சிலம்புதல் என்றால் ஒலித்தல். அதனால் அணிகலன் சிலம்பாயிற்று. ‘கிண்கிணி’ தன் ஓசையையே தனக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டது. பாண்டியன் அவையில் அச்சிலம்பை உடைப்பதற்கு முன் யாரேனும் குலுக்கிக் கேட்டார்களா என்ற ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. மாணிக்கப் பரலும் முத்துப் பரலும் ஒரே ஓசை தருமா? பொற்கொல்லனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்!

இலக்கணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மணியை அடித்தால் நம் காதில் விழுவது ‘டங்’ அல்லது ‘ணங்’. ஆனால் ட, ண இரண்டும் தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா; ‘ங்’ என்னும் மெய் சொல்லின் ஈற்றில் நில்லாது. ஆகவே இலக்கணப்படி ‘டங்’ தலையிலும் குற்றம், வாலிலும் குற்றம். மணியோ இலக்கணம் படித்ததன்று. என் செய்வது? நாவை மடித்து ஒலிக்கும் அந்த ஒலியைத் தமிழர் சொல்லின் உள்ளே கொண்டுபோய் வைத்தனர். கணீர், கணகண, கிண்கிணி, சேகண்டி எனச் சொல்லிப்பாருங்கள்: எல்லாவற்றிலும் ணகரம் நடுவே நின்று ஒலிக்கிறது. இறுதி அதிர்வுக்கு ஈடாகக் ‘கணீர்’ என்பதில் ஈகாரம் நீள்கிறது. சீனர் உலோகத்தை எழுத்தின் இடப்பக்கத்தில் வைத்தனர். நாம் சொல்லின் நடுவில் வைத்தோம் என்று இளைஞருக்கு விடை கூறலாம் எனத் தோன்றியது.

மணி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிக்கும் வெண்கலமும் மணி, ஒளிரும் கல்லும் மணி, நாம் கேட்கும் நேரமும் மணி. சீனத்திலும் உலோகவோசையும் பச்சைக்கல் ஓசையும் இணைபிரியாதவை. பேரிசை வெண்கல மணியில் தொடங்கிப் பச்சைக்கல்லில் நிறைவதைப்போன்றது கன்பூசியசின் நிறைவு என மென்சியஸ் உவமை கூறினார். திருமலையில் சந்திரகிரி மல்லணர் 1417-இல் எடுப்பித்த மண்டபம் திருமாமணி மண்டபம் எனப்படுகிறது. அங்கே பெருமணிகள் தொங்குகின்றன. நிவேதன வேளையில் அவை முழங்கும். கருவறையில் கைமணி ஆட்டும் வழக்கம் அங்கில்லை. 1268-இல் காஞ்சித் தூப்புலில் தோன்றிய வேதாந்த தேசிகர் திருமலை மணியின் அவதாரம் என்பது வைணவர் கொள்கை. மணி மனிதராகிவிட்டபின் கருவறையில் வேறு மணி எதற்கு? இம்மணியோசை நிலையம் நிலையமாக அடிக்கப்பட்டுச் சந்திரகிரிக் கோட்டையை எட்டிய பின்னரே அரசர் உணவு கொண்டார் என இவ்வட்டாரத்தில் ஒரு செவிவழிச் செய்தியும் வழங்குகிறது.

ஒலிக்கும் உலோகத்தைச் சான்றோர்க்கு ஒப்பிட்டது சீனம் என்றோம். நாம் வாழும் இந்நாட்டின் கவி வேமனர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு ஆரவாரமாய் ஒலிக்கும் வெண்கலம் அற்பர். ஓசையின்றி இருக்கும் பொன் நல்லோர். நம் குழந்தைகள் இங்குள்ள பள்ளிகளில் இப்பாடலை மனப்பாடம் செய்கின்றனர். நிறைகுடம் தளும்பாது என்று வீட்டில் நாம் சொல்லிக்கொடுப்பதும் அதையே. ஆனால் நல்ல பாடகரைக் கண்டால் தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே ‘வெண்கலக் குரல்’ என்றுதான் மெச்சுகிறோம். இதில் முரண் இருக்கிறது. அதைத் தீர்த்துவைப்பது நம் வேலையன்று.

தமிழெழுத்தும் சீனவெழுத்தும் ஒரே கல்லில் அருகருகே நின்ற காலமும் உண்டு. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-இல் தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிற் கல்வெட்டில், தமிழ் வரிகளின் கீழே ஒரு வரி சீனவெழுத்து. 1409-ஆம் ஆண்டு நாளிட்ட காலித் துறைக் கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் மூன்று பத்தியாக நின்று, மூவேறு தெய்வங்களுக்குக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. அக்கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆனால் நம் உள்ளத்தை இவற்றினும் மிகுதியாகத் தொட்டது ஓர் உடைந்த மணி. 1836-இல் வில்லியம் கொலென்சோ என்னும் சமயத்தொண்டர், நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரி மக்களிடம் ஒரு வெண்கலக் கலத்தைக் கண்டார். அதில் அவர்கள் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தனர். புயலில் சாய்ந்த பெருமரம் ஒன்றன் வேரடியில் கிடைத்ததாம். அது கலமன்று, உடைந்த கப்பல் மணியின் மேற்பகுதி. அதைச் சுற்றிலும் தமிழெழுத்து. முகைய்யதீன் வக்குசு என்பாரின் கப்பல் மணி அது என அவ்வெழுத்துச் சொல்கிறது. இன்று வெல்லிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் போயிற்று, உடையவர் போயினார், மணியின் ஓசையும் போயிற்று. யாரும் படிக்க முடியாத ஊரில் எழுத்து மட்டும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

இச்செய்தியை அவ்விளைஞருக்குச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். அவர் குடும்பம் சத்தியவேட்டுப் பக்கத்தது. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அப்பகுதி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் ஆந்திரத்துடன் இணைந்தது. அன்றே திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நாமெல்லாம் ஊரைவிட்டு இங்கு வந்தவர்கள். அவர்களோ ஊரிலேயே இருந்தார்கள், எல்லைதான் நகர்ந்தது. இளைஞர் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது தெலுங்கும் ஆங்கிலமும். ஜப்பானிய எழுத்துகளில் சில நூறு அவருக்குத் தெரியும். தமிழெழுத்து தெரியாது.

மறுவாரம் தம் வீட்டுப் பூசை மணியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அதன் விளிம்பில் புள்ளிபுள்ளியாக ஏதோ வெட்டியிருக்கிறது, வேலைப்பாடு என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன், அது எழுத்தா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். எழுத்துத்தான். பாத்திரக்கடையில் சீர்வரிசைப் பொருள்களுக்குப் பெயர் வெட்டுவார்களே, அவ்வாறு வெட்டிய பெண்பெயர். நாம் படித்துச் சொல்லவில்லை. ஒரு தாளில் அந்த எழுத்துகளைப் பெரிதாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தெலுங்கெழுத்தை அருகில் இட்டுக் கொடுத்தோம். அவர் மணியைத் திருப்பித் திருப்பி, விரலை விளிம்பில் ஓட்டி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். ஐந்தாறு நிமிடம் ஆயிற்று. பிறகு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, அந்தப் பெயர் யாருடையது என்று தாயாரிடம் கேட்டார். அவருடைய பாட்டியின் பெயராம். பேரன் மகன் வாயால் அப்பெயரை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லையாம்.

மணியை ஒருமுறை அடித்துவிட்டு, “இந்தச் சத்தத்தையும் எழுதிக் காட்டுங்கள், மாமா” என்றார். அதே தாளின் அடியில், இலக்கண நூலோர் பொறுத்தருள்வாராக, ‘டங்’ என்று எழுதிக் கொடுத்தோம்.